கிடேரியின் பிறந்த தேதி

கன்றுப் பேரணியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். ஏரிக்கரையிலோ பள்ளிக்கூடத் திடலிலோ கழி நட்டுக் கயிறு கட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் குடற்புழு மருந்து, ஒரு பக்கம் சினைப் பரிசோதனை, இன்னொரு பக்கம் தடுப்பூசி. எல்லாம் முடிகிற நேரத்தில் ஒலிபெருக்கியில் அழைப்பு வரும்: கிடேரிக் கன்று ஓட்டி வந்தவர்கள் வரிசையாக வந்து நில்லுங்கள். அப்படிக் கயிற்றைப் பிடித்து நிற்பவர்களில் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருப்பார்கள். அப்பா கறவை மாட்டை ஓட்டி வந்திருப்பார், அம்மா ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். கன்று மட்டும் பிள்ளை கையில் இருக்கும்.

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர்க்காரர்களுக்கு நாங்கள் எல்லோரும் 'மாட்டு டாக்டர்'தான். பேரணியில் முதல் பரிசு வாங்கும் கன்றை ஊரார் கைதட்டிப் பார்க்கும்போது, அதற்குப் பின்னால் இருக்கும் தாயும் பாட்டியும் எனக்கு நினைவுக்கு வரும். எந்த வருடம் எந்தக் காளையின் விந்து அந்தத் தெருவுக்குப் போனது என்பதும் நினைவுக்கு வரும். இத்தனை வருடத்தில் நான் கண்டது ஒன்றுதான். நல்ல காளை பாதி வேலையைத்தான் செய்யும். மீதிப் பாதி, கன்று விழுந்த நாளிலிருந்து அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள், பார்த்ததை எழுதி வைக்கிறார்களா என்பதில் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆகவில்லை. 1989-ல்தான் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தது. அப்போது இந்தப் பக்கத்தில் மாடு என்றால் ஏர் மாடுதான். கார்த்திகை தீபத்துக்குத் தேர் பார்க்க வருகிறவர்களோடு மாடு பிடிக்க வருகிறவர்களும் வருவார்கள். தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் ஆலம்பாடி, அல்லிக்கார், காங்கேயம் என்று ஜோடி ஜோடியாகக் கட்டியிருக்கும். வாங்குகிறவர் முதலில் சுழி பார்ப்பார், பிறகு பல், பிறகு குளம்பு. கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பின்னங்கால் வீச்சைப் பார்ப்பார். விலையைத் தரகர் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்துப் பேசுவார். பசு எவ்வளவு கறக்கும் என்ற கேள்வி அங்கே கடைசியில்தான் வரும். வீட்டுக்குக் கொஞ்சம் பால், உழவுக்கு இரண்டு காளைக்கன்று. பசுவிடம் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

அந்த ஊர்களுக்குத்தான் நாங்கள் ஜெர்சி விந்தை எடுத்துக்கொண்டு போனோம். இந்தியாவில் செயற்கைமுறைக் கருவூட்டலை முதலில் செய்து காட்டியவர் சம்பத்குமாரன், 1939-ல், மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில். அது நம் வீட்டுக் கொட்டகைக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் குளிர வைத்த விந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தவர்கள். இரண்டு மூன்று நாளுக்குமேல் அது தாங்காது. பேருந்து தாமதமானால் அன்றைய மாடு போச்சு. மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனுக்குள் வைக்கும் உறைவிந்து வந்தபிறகுதான் இந்த வேலைக்கே நிதானம் கிடைத்தது. ஊட்டியிலும் ஈச்சங்கோட்டையிலும் இருக்கும் காளையின் விந்து, கால் மில்லி பிடிக்கும் ஒரு மெல்லிய குச்சிக்குள் அடைபட்டு, தண்டராம்பட்டு பக்கத்து ஓட்டு வீட்டுக் கொட்டகை வரை வந்தது.

ஊர் அதை உடனே ஏற்கவில்லை. சினை ஊசி போட்டுப் பிறந்த முதல் காளைக்கன்றுகளைப் பார்த்த ஒரு பெரியவர் என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்டார்: "இன்னா சார், இதுக்குத் திமிலே இல்லியே. நுகத்தடிய எங்க வெக்கிறது?" அவர் கேட்டது நியாயம். நுகம் உட்காருவது திமிலுக்கு முன்னால். ஜெர்சி கலப்பில் திமில் எடுப்பாக வராது, வெயிலில் ஏரோட்டினால் மாடு சீக்கிரம் இளைக்கும். அவருக்கு வாயால் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது. டிராக்டர் வந்து ஏர் குறைந்ததும், பால் சங்கத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை கையில் பணம் வந்ததும்தான் பதில். அடுத்த கிடேரிக்கு அவர் வீட்டிலிருந்தே ஆள் வந்தது. காளைக்கன்றுக்கு மதிப்பு போய், கிடேரிக்கு மதிப்பு வந்தது இந்த மாவட்டத்தில் என் கண்முன் நடந்த பெரிய மாற்றம்.

சினை பிடிப்பதும் பிடிக்காததும் பெரும்பாலும் நேரத்தில் இருக்கிறது. மாடு காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி. பருவ அறிகுறி அடங்கிச் சில மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளியே வரும். அதற்காகத்தான் இந்தக் கணக்கு. விடியற்காலையில் வாசலில் வந்து நின்று "ராத்திரிலேர்ந்து கத்துது சார், சீக்கிரம் வாங்க" என்று அழைத்தவர்களில் பெண்களே அதிகம். முதல் சத்தத்தையும், கண்ணாடிபோல் வடியும் திரவத்தையும், மற்ற மாட்டின்மேல் தாவுவதையும் கவனித்தவர்கள் அவர்களும் பிள்ளைகளும்தான். ஆண்கள் வந்து சொன்னது பல சமயம் அரைநாள் பிந்திய சேதி. மாட்டைப் பற்றிய தகவல் ஒரு வீட்டில் யாரிடம் இருக்கிறது என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கறுப்பு வெள்ளை மாடு வேண்டும் என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. ஃபிரீசியன் நிறையக் கறக்கும் என்று வெளியூரில் பார்த்துவிட்டு வருவார்கள். நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் அதன் மூச்சு வாங்கலைப் பார்த்தவர்கள் மறுபடி கேட்கமாட்டார்கள். சின்ன உடம்புக்காரப் பசுவுக்கு ஃபிரீசியன் போட்டால் கன்று பெரிதாகி ஈனுவதில் சிக்கல் வரும். ஜெர்சிக் கன்று சிறியது, தாய்க்குக் கஷ்டம் குறைவு, பாலில் கொழுப்பும் கூடுதல். சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி போன்ற குளிர்ந்த இடத்துக்கு ஃபிரீசியன், அயல் இரத்தம் பாதியை ஒட்டி நிற்க வேண்டும் என்று மாநில இனப்பெருக்கக் கொள்கை சொன்னதன் காரணம் இதுதான். முக்கால் பங்குக்கு மேல் ஏறிய மாடுகள் உண்ணிக்கும் வெயிலுக்கும் தோற்றதை நான் கொட்டகை கொட்டகையாகப் பார்த்திருக்கிறேன்.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இன்னொன்று. ஒரே காளையின் விந்தை ஓர் ஊரில் வருடக்கணக்காகப் போட்டால், அதற்குப் பிறந்த கிடேரி பருவத்துக்கு வரும்போது தகப்பன் விந்தே மறுபடி அதற்குள் போகும். பிறகு சினை நிற்காமை, நோஞ்சான் கன்று, குறைப்பிறப்பு. அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு பகுதிக்குப் போகும் காளையை மாற்ற வேண்டும். உறைவிந்துக் குச்சியின்மேல் காளையின் எண் அச்சாகியிருக்கும். அந்த எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவது எங்கள் வேலை. ஆனால் பதிவேடு மருந்தகத்தில் இருந்தது, மாடு வீட்டில் இருந்தது. மாடு கைமாறினால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

2000-ஆம் ஆண்டையொட்டிக் கால்நடை பாதுகாப்புத் திட்டம் வந்து, ஊர் ஊராக முகாம் நடத்தத் தொடங்கினோம். கன்றுப் பேரணி அதன் ஒரு பகுதி. சிறந்த கிடேரிகளைத் தேர்ந்து பரிசு கொடுப்பது. பரிசு பெரும்பாலும் பாத்திரம்தான். ஆனால் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பது பாத்திரத்தைவிடப் பெரியது. தொடக்கத்தில் தேர்வு எப்படி நடந்தது என்றால், குளிப்பாட்டிக் குங்குமம் வைத்து, கழுத்தில் சலங்கை கட்டி, வயிறு புடைக்கத் தண்ணீர் காட்டி ஓட்டிவந்த கன்று ஜெயிக்கும். ஊரில் செல்வாக்கானவர் வீட்டுக் கன்று பக்கம் கண் தானாகப் போகும். ஒரு முகாமில் இரண்டு கன்றுகள் முன்னால் நின்றன. ஒன்று நல்ல உயரம், பளபளப்பு. இன்னொன்று அதைவிடச் சிறியது, ஆனால் முதுகு நேர்கோடாக, விலா விரிந்து, நாலு காலும் சதுரமாக ஊன்றி நின்றது. கூட்டம் பெரியதைக் காட்டியது. இரண்டுக்கும் வயது என்ன என்று கேட்டோம். இரண்டு வீட்டிலும் "ஒரு வருசம் இருக்கும் சார்" என்றார்கள்.

அன்றைக்கு முடிவு செய்தது பதிவேடு. ஊசி போட்ட தேதி அதில் இருக்கிறது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். பிப்ரவரி 10-ல் போட்ட ஊசி நவம்பர் 17-ஐ ஒட்டிக் கன்றாக வரும். கணக்குப் போட்டால் பெரிய கன்றுக்குப் பதினான்கு மாதம், சிறியதற்கு எட்டு மாதம். பிறகு நாடாவை எடுத்தோம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். பெரிய கன்று 150 கிலோ, சிறியது 120. பிறந்தபோது இருந்த இருபது கிலோ சொச்சத்தைக் கழித்துப் பார்த்தால் பெரியது நாளைக்கு 300 கிராம், சிறியது 400 கிராம் ஏறியிருக்கிறது. சிறிய கன்றுக்கு முதல் பரிசு. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மருத்துவர் ஒலிபெருக்கியில் அந்தக் கணக்கை எண்ணெண்ணாகச் சொன்னதும் அடங்கியது. பதினான்கு மாதக் கன்றின் சொந்தக்காரரே நாடாவைக் கேட்டு வாங்கி இன்னொருமுறை அளந்து பார்த்தார்.

அதன்பிறகு நான் போகிற ஊர்களில் பிள்ளைகளிடம் ஒரு வேலை சொல்ல ஆரம்பித்தேன். பழைய நோட்டுப் புத்தகத்தில் மிச்சமிருக்கும் தாள் போதும். ஊசி போட்ட தேதி, காளை எண், கன்று விழுந்த தேதி, குடற்புழு மருந்து கொடுத்த தேதி, மாதம் ஒருமுறை மார்புச் சுற்றளவு. கலசபாக்கம் பக்கத்தில் ஏழாம் வகுப்புப் படித்த ஒரு பெண் இதை என்னைவிட ஒழுங்காகச் செய்தாள். அவள் நோட்டில் நான் சொல்லாததும் இருந்தது. கன்று விழுந்து எவ்வளவு நேரத்தில் எழுந்தது, எத்தனை மணிக்குச் சீம்பால் குடித்தது, எந்த நாள் கழிச்சல், எந்த நாள் தீவனம் மிச்சம் வைத்தது. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால், முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. இதை நான் பெரியவர்களிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு பால் ஊட்டலாம் என்று காத்திருப்பார்கள். இந்தப் பெண் காத்திருக்கவில்லை. பத்தாம் நாள் குடற்புழு மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதாமாதம். தீவனத்துக்கு அவர்கள் வீட்டில் தனியாகச் செலவில்லை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிய பிறகு கொடியை மழையில் நனையவிடாமல் உலர்த்திப் போர் போட்டிருந்தார்கள். நம் மாவட்டத்துக்குக் கிடைத்த நல்ல தீவனம் அது, வைக்கோலைவிடப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். பூஞ்சை பிடித்த மல்லாட்டைப் புண்ணாக்கைக் கன்றுக்கு வைக்காதே, கல்லீரல் போய்விடும் என்று ஒருமுறைதான் சொன்னேன். அதையும் எழுதி வைத்திருந்தாள்.

அந்தக் கன்று முதல் பரிசு வாங்கியது. அடுத்த முகாமில் அதே தெருவிலிருந்து நான்கைந்து பிள்ளைகள் நோட்டோடு வந்தார்கள். பரிசு எங்கே போகிறது என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்குள் போட்டி வந்தது. நடுவில் ஒரு நன்மையும் வந்தது. தினமும் கயிற்றைப் பிடித்து நடத்திப் பழக்கிய கிடேரி, ஆள் தொட்டால் மிரளாது. தடுப்பூசிக்கு நிற்கும், பிறகு கறவைக்கும் நிற்கும். தலையீத்தில் உதைக்கிற மாடு பாதி விலைக்குப் போவதைச் சந்தையில் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அமெரிக்காவில் இதையே ஒரு பெரிய ஏற்பாடாகச் செய்திருக்கிறார்கள். 1902-ல் ஒஹையோ மாநிலத்தில் ஒரு பள்ளிக் கண்காணிப்பாளர் தொடங்கிய பிள்ளைகள் சங்கத்திலிருந்து நான்கு-எச் என்ற இயக்கம் வளர்ந்தது. அங்கே கால்நடைக் கண்காட்சியில் மாட்டுக்குத் தனி மதிப்பெண், அதை நடத்திக் காட்டும் பிள்ளைக்குத் தனி மதிப்பெண். வளர்த்த கணக்கை எழுதிய ஏட்டையும் பார்க்கிறார்கள். அங்குள்ள பண்ணைகள் தங்கள் இனம் இளையோர் கண்காட்சியில் ஜெயித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்குக் காரணம், அந்தப் பரிசு மாட்டின் இரத்தத்தையும் வளர்ப்பவரின் கையையும் சேர்த்துச் சோதிக்கிறது என்பதுதான். நம்மிடம் அவ்வளவு பெரிய அரங்கு இல்லை. ஆனால் ஏரிக்கரையில் கயிற்றைப் பிடித்து நிற்கும் பிள்ளை இருக்கிறது. அதற்கும் ஒரு மதிப்பெண் வேண்டும்.

என் வேலையின் பிற்பகுதியில் மாற்றங்கள் வேகமாக வந்தன. 2011-ல் விலையில்லாக் கறவைப் பசுத் திட்டம் வந்தது. அதுவரை மாடே இல்லாத வீடுகளில் மாடு வந்தது, மாட்டைப் பார்த்துப் பழகாதவர்களுக்குக் கன்று வளர்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2013-ல் கோமாரி தென் மாநிலங்களைச் சுழற்றி அடித்தது. வாயில் நுரையோடும் குளம்பில் புண்ணோடும் நின்ற மாடுகளின் பாலைக் குடித்த கன்றுகள், நோயின் அடையாளமே காட்டாமல் திடீரென்று விழுந்து செத்தன. இளங்கன்றில் கோமாரி இதயத்தைத் தாக்கும். அந்த வருடம் பரிசுக் கன்று என்ற பேச்சே எழவில்லை. 2019-ல் தேசிய அளவில் கோமாரிக்கும் கன்றுவீச்சு நோய்க்கும் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசி நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக்கு மட்டும், ஆயுளில் ஒரே முறை. வயது தெரியாவிட்டால் அந்த ஊசியை எப்படிப் போடுவது? பிறந்த தேதி பரிசுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் வேண்டும் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

காதில் மஞ்சள் வில்லை வந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். பன்னிரண்டு இலக்க எண், கணினியில் பதிவு. மாடு கைமாறினாலும் எண் கூடவே போகும். மருந்தகத்தில் இருந்த பதிவேடு ஒருவழியாக மாட்டின் காதுக்கு வந்து சேர்ந்தது. தாய் யார், தகப்பன் காளை எது என்று ஒரு தலைமுறைக்கு முன்னால் கேட்டால் யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் எண் இருப்பதும் விவரம் ஏறியிருப்பதும் வேறு வேறு. கன்று விழுந்த தேதியை யாராவது சொன்னால்தான் அதில் ஏறும்.

எங்கள் ஊரில் மாட்டின் வரலாற்றை எழுதி வைக்க முடியும் என்பதற்குச் சான்று ரமணாசிரமத்திலேயே இருக்கிறது. 1926-ல் கன்றாக வந்த லட்சுமி என்ற பசு அங்கே ரமண மகரிஷியின் அருகிலேயே வளர்ந்தது. அது எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, கன்றுகள் ஈன்றது, 1948 ஜூன் 18-ல் இறந்தது என எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குச் சமாதியும் இருக்கிறது. அன்பு இருந்த இடத்தில் எழுத்தும் இருந்தது. புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களை அந்தச் சமாதிக்கு அழைத்துப்போய் நான் சொல்வதும் அதுதான்: ஒரு பசுவைப் பற்றி இவ்வளவு எழுத முடியுமென்றால், நம் பதிவேட்டில் நான்கு தேதி எழுத முடியாதா?

இப்போது ஊட்டியில் பாலினம் பிரித்த உறைவிந்து தயாராகிறது. போட்டால் பத்தில் ஒன்பது கிடேரிதான். 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாடுகள் 95 லட்சம், அதற்கு முந்தைய 2012 கணக்கைவிட ஏழு லட்சம் கூடுதல். எருமை இதே காலத்தில் 7.8 லட்சத்திலிருந்து 5.2 லட்சமாகக் குறைந்தது. கிடேரிகள் இனி இன்னும் பெருகும். பெருகுகிற கிடேரிகளை நல்ல கறவை மாடாக்கும் ஆட்கள் பெருகுகிறார்களா என்பதுதான் என் கவலை. இரண்டரை வயதில் ஈன வேண்டிய கலப்பினக் கிடேரி, கன்றுப் பருவத்தில் தீவனம் இல்லாததால் மூன்றரை வயதுக்குத் தள்ளிப்போவதை இன்றும் பார்க்கிறேன். 220 கிலோவுக்குமேல் எடை ஏறாமல் ஊசி போடுவதில் பயனில்லை. எந்தக் காளையாலும் அந்த ஒரு வருடத்தைத் திருப்பித் தர முடியாது.

பேரணியைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. பரிசு வாங்கிய கிடேரிகள் பல, அதே மாதத்தில் வியாபாரி கைக்குப் போய்விடுகின்றன. பரிசு வாங்கியது என்ற பேரே விலையை ஏற்றிவிடும். பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ நெருக்கும்போது விற்கிற தகப்பனை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஊரின் மிகச்சிறந்த கிடேரி ஈனுவதற்கு முன்பே ஊரைவிட்டுப் போனால், அந்த ஊருக்காகத் தேர்ந்த காளையின் வேலை அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. மீண்டும் நடுத்தரமான தாய்களிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்கு நான் பல கூட்டங்களில் சொன்ன யோசனை எளியது. பேரணியில் கொடுக்கும் பரிசை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாதி அன்றைக்கு, கன்று நின்ற நிலைக்கும் வளர்ந்த வேகத்துக்கும். மீதிப் பாதி, அதே காது எண்ணோடு அந்தக் கிடேரி அதே ஊரில் தலையீத்து ஈன்று கறவைக்கு வரும்போது. அன்றைக்குப் பாலை அளந்து, கொழுப்பைப் பார்த்து, வளர்த்த பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கொடுப்பது பாத்திரமாக இருக்க வேண்டாம், ஒரு மூட்டை அடர்தீவனமும் தாது உப்பும் கோ-4 தீவனப்புல் கரணையும் இருந்தால் போதும். இரண்டு வருடம் காத்திருக்க ஒரு காரணம் கிடைத்தால், விற்கிற வீடுகளில் சில விற்காமல் இருக்கும். ஊருக்கு ஒன்றிரண்டு நல்ல கிடேரி தங்கினாலே அடுத்த தலைமுறை மேலேறும்.

இதை ஓர் ஊரில் சின்ன அளவில் செய்து பார்த்தோம். பால் சங்கத்துக்காரர்கள் தீவன மூட்டைக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தெருவில் பரிசு வாங்கிய கிடேரிகளில் பெரும்பாலானவை அங்கேயே ஈன்றன. வளர்த்த பிள்ளைகளில் ஒருத்தி இன்று அந்தச் சங்கத்தில் பால் பரிசோதனை செய்கிறாள். அவள் வீட்டுக் கொட்டகையில் இருக்கும் மாடு, அவள் கையால் முதலில் நடத்திக் காட்டிய கிடேரியின் பேத்தி. தாய், பாட்டி, மூன்று காளைகளின் எண் எல்லாம் அவளிடம் இருக்கிறது. ஊசி போட வரும் புதிய ஆய்வாளர் குச்சியை எடுப்பதற்கு முன்னால் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் காளையைத் தேர்கிறார்.